சாட்ஸ்வொர்த்தில் ஒரு புரட்டாசியும் ‘டைடி அப்’பும்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தொடர்ந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த, அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், கோயிலில் தேவாரம் ஒலித்தாலும் அடுக்களையில் புழங்குவது ஆங்கிலமே. எனவே மதுரையிலிருந்து குடிவந்த எங்களுக்கு அலுவலக ஆங்கிலத்தைவிட வீட்டு ஆங்கிலமே அதிகம் தேவைப்பட்டது. அதில் நாள் தவறாமல் காதில் விழுந்தது ‘டைடி அப்’.

புரட்டாசி பிறப்பதற்கு முன், பக்கத்து வீட்டு ஆண்ட்டி தம் பேரப்பிள்ளைகளை ஏவிய விதத்தில்தான் அதன் எல்லை எனக்குப் பிடிபட்டது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல அம்மாதம் முழுவதும் புலால் உண்பதில்லை என்பதால், கறி சமைக்கும் சட்டிகளை முதலில் ‘பேக் அவே’ செய்யச் சொன்னார். அவை பழைய துணியில் சுற்றப்பட்டு மேல் அலமாரிக்குப் போயின. நாம் பாடநூலில் ‘புட் அவே’ என்று படித்ததை இங்கே பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். கூடத்தில் இறைந்து கிடந்த செருப்பு, செய்தித்தாள், சார்ஜர் ஒயர் ஆகியவற்றுக்கு ‘டைடி அப்’. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தபோது தரையில் சிந்திய கரைசலுக்கு மட்டும் ‘கிளீன் அப்’. அழுக்கைப் போக்குவது கிளீன். அலங்கோலத்தைப் போக்குவது டைடி. ‘ஒதுங்க வை’ என்ற அருமையான தொடர் கைவசம் இருந்தும், நாம் இரண்டையும் ‘சுத்தம் பண்ணு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

பிள்ளைகள் ‘ஜஸ்ட் நவ்’ என்று பதில் சொன்னால் வேலை உடனே நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் அதற்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்றே பொருள்.

இலக்கணம் சிறிதுதான். ‘டைடி அப் த ரூம்’, ‘டைடி த ரூம் அப்’ என்ற இரண்டும் சரியே. ஆனால் அறையின் பெயரைச் சொல்லாமல் ‘இட்’ என்று சுட்டும்போது அச்சொல் நடுவில்தான் நிற்கும்: ‘டைடி இட் அப்’. பணியிடத்துச் சமையல் மூலையில் ‘டைடி அப் ஆஃப்டர் யுவர்செல்ஃப்’ என்று எழுதியிருந்தால், அவரவர் பரப்பி வைத்ததை அவரவரே எடுத்து வைக்க வேண்டும் என்று பொருள். அறிக்கை ஒன்றை ‘டைடி அப்’ செய்யுமாறு மேலாளர் சொன்னால், பத்தி இடைவெளி, எழுத்துப்பிழை, அட்டவணைத் தலைப்பு போன்றவற்றைச் சீராக்கினால் போதும். உள்ளடக்கத்தைத் திருத்தி எழுதும்படி அவர் கேட்கவில்லை.