தீட்டா எங்கிருந்து வந்தது?

நாலாவது செமஸ்டர் பி.ஆர்.பி. (ப்ராபபிலிட்டி அண்ட் ரேண்டம் பிராசஸஸ்) பேப்பர் என்றதும் நம் ஈ.சி.ஈ. ஆட்கள் வாயில் வருவது ஒரே கணக்குதான்: எக்ஸ் ஆஃப் டி ஈக்குவல் டு ஏ காஸ் ஒமேகா டி பிளஸ் தீட்டா, தீட்டா (அலையின் ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கான கோணம்) 0 முதல் 2 பை வரை யூனிஃபார்ம், இது டபிள்யூ.எஸ்.எஸ். (வைடு சென்ஸ் ஸ்டேஷனரி, எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியும் ஆட்டோகோரிலேஷனும் மாறாதது) என்று காட்டு. சராசரி பூஜ்யம், ஆட்டோகோரிலேஷனில் (இரண்டு நேரங்களின் மதிப்புகளுக்கு இடையிலான தொடர்பில்) நேரமான டி காணாமல் போய் இடைவெளியான டாவ் மட்டும் மிஞ்சும், அவ்வளவுதான். கேள்வியில் 2 பையை வெறும் பை ஆக்கிவிட்டால் சராசரியில் டி ஒட்டிக்கொள்ளும், அப்போது 'இல்லை' என்று காட்ட வேண்டும். அதில் கோட்டை விட்டவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள், பெயர் வேண்டாம்.

தீட்டா எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் யாரும் கேட்டதாக நினைவில்லை. எனக்கு அது புரிந்தது துபாயில், காரில் லேப்டாப்பும் போன்களுமாக ரோடு ரோடாகச் சுற்றி மொபைல் சிக்னலை அளந்த டிரைவ் டெஸ்ட் வேலையில்தான். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். டவரை நோக்கி ஒரு சாண்கூட நகர வேண்டாம், அதற்குள் தீட்டா ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். அலை எந்த ஃபேஸில் வந்து சேரும் என்று யார் சொல்வது? எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு, அதுதான் அந்த யூனிஃபார்ம்.

சரி, கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீட்டா இருக்கிறதே, எல்லாம் கூடினால்? கூட்டுத்தொகையின் இரண்டு கூறுகள்தான் எக்ஸும் ஒய்யும். எக்ஸும் ஒய்யும் இன்டிபென்டன்ட் நார்மல், எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒய் ஸ்கொயரின் ரூட்டுக்கு டென்சிட்டி கண்டுபிடி என்று இரண்டாம் யூனிட்டில் ஒரு கணக்கு வருமே, சிக்னலின் வலிமைக்கும் அதே ரேலே டிஸ்ட்ரிபியூஷன்தான். அதன்படி சிக்னல் சராசரியைவிட 20 டெசிபலுக்கும் கீழே விழ நூற்றில் ஒரு வாய்ப்பு. ஒன்றையொன்று சாராத இரண்டு ஆன்டெனா இருந்தால் இரண்டும் சேர்ந்து விழுவது பத்தாயிரத்தில் ஒன்றுதான். டவரில் ஒற்றைப் பலகையாகத் தெரியும் பேனலுக்குள் ஆளுக்கொரு பக்கம் 45 டிகிரி சாய்ந்த இரண்டு ஆன்டெனா வரிசைகள் இருப்பது இதற்காகத்தான்.

அப்புறம் ஒரு வேடிக்கை. கியூயிங் தியரி (வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய கணிதம்) பிறந்ததே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கணக்கில், கோபன்ஹேகனில் எர்லாங் 1909-இல் எழுதிய கட்டுரையில். ஆனால் அது நம் பேப்பரில் இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களின் பி.க்யூ.டி. (ப்ராபபிலிட்டி அண்ட் கியூயிங் தியரி) பேப்பரில் இருந்தது! ஜி.எஸ்.எம். மொபைல் நெட்வொர்க்கில் 7 சேனல், 2 சதவீத பிளாக்கிங் (நூற்றில் இரண்டு கால்களுக்கு லைன் கிடைக்காது) என்றால் 2.94 எர்லாங் (அவர் பெயரிலேயே உள்ள டிராஃபிக் அளவு) தாங்கும் என்று டேபிளைப் பார்த்துச் சொல்லிவிடலாம், அந்த ஃபார்முலா எப்படி வந்தது என்பதை ஹாஸ்டல் ரூம்மேட்டுக்குப் போன் போட்டுத்தான் கேட்டேன். அவன் அப்போது பேங்க் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தான்.