படகு நம்பர் இருக்க இன்னொரு நம்பர் எதற்கு?

ஏப்ரல் 17, 2025, தங்கச்சிமடம்

மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். மீனவர் சங்கத்தின் மீன் ஏலக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இதைவிட நல்ல நேரம் வராது. படகுகளின் பட்டியலை வைக்கும் டேபிளுக்கு எது பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் மதிப்பு, என்று பேச்சு வந்தது. செயலாளர் அண்ணன் கேட்டார்: "தம்பி, படகுலயே நம்பர் எழுதியிருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" நியாயமான கேள்வி.

ஏப்ரல் 18

பழைய நோட்டுகளைப் பார்த்தேன். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் ஒரே நம்பரைக் கோடு போட்டும் போடாமலும், சில இடங்களில் கடைசி எண்களை மட்டுமாகவும் எழுதியிருக்கிறார்கள். புதுப் படகுக்குப் பதிவு ஆகும்வரை நம்பரே கிடையாது. பிரைமரி கீ காலியாக இருக்க முடியாது, மாறவும் கூடாது. மாறினால் ஏலம், முன்பணம், டீசல் என்று அதைச் சுட்டும் டேபிள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

அதனால் படகுக்கு எந்த அர்த்தமும் இல்லாத ஒரு எண்ணைக் கீயாகக் கொடுத்தேன். பதிவு எண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, தனி நெடுவரிசையில் யூனிக் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாது) என்று பூட்டினேன். இந்தப் பூட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் ஒரே படகு இரண்டு கீயோடு இரண்டு தடவை நுழைந்துவிடும்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். பூசை முடிந்து வரும்போது அண்ணன், "ஆளுங்களுக்கு ஆதாரையே வச்சிரலாமே" என்றார். வேண்டாம் அண்ணே என்றேன். கீ எல்லா டேபிளிலும் போய் உட்காரும், பில்லிலும் வரும். ஒருவருடைய ஆதார் அப்படி அலையக் கூடாது. பெயரும் உதவாது. இந்த ஊரில் ஒரே பெயர், ஒரே அப்பா பெயர் உள்ளவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

ஏப்ரல் 22

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலைக் கணக்கைச் செல்போனிலேயே பதிய வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு போன்கள் தனித்தனியாக 'அடுத்த எண்' போட்டால், இரண்டும் ஒரே எண்ணைத்தான் போடும். கணக்கு சர்வருக்கு வரும்போது மோதும். சர்வரைக் கேட்காமல் போனே கீ உருவாக்க வேண்டுமென்றால் யூயூஐடிதான் வழி; எங்கே உருவாக்கினாலும் இன்னொன்றோடு மோதாத அளவுக்கு நீளமான அடையாள எண் அது.

அதிலும் எந்த வகை என்பது முக்கியம். நான்காம் வகை கிட்டத்தட்ட முழுக்கத் தற்செயல் எண். புது வரி ஒவ்வொன்றும் இண்டெக்ஸில் (வரிகளைச் சீக்கிரம் தேட டேட்டாபேஸ் வரிசைப்படுத்தி வைக்கும் அட்டவணையில்) கண்ட இடத்தில் போய் விழும். டேபிள் பெருகப் பெருக எழுதும் வேகம் குறையும். 2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணத்தில் வந்த ஏழாம் வகையில் முதல் 48 பிட்டும் மில்லி விநாடிக் கணக்கில் நேரம். புது வரிகள் பெரும்பாலும் கடைசியிலேயே சேரும். ஏல டேபிளுக்கு அதையே எடுத்தேன்.

36 எழுத்துச் சரமாக வைக்காமல் 16 பைட்டாக வைக்கிறேன். நம் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். தரவைச் சேமித்து வைக்கும் அதன் பகுதியான இன்னோடிபியில் மற்ற இண்டெக்ஸ் ஒவ்வொன்றும் பிரைமரி கீயைக் கூடவே சுமக்கும். கீ பருத்தால் எல்லாமே பருக்கும். இவ்வளவு நீளத்தை யாரும் வாயால் சொல்ல முடியாது என்பதால் பில்லுக்குச் சின்னதாக ஒரு எண் தனியாக உண்டு.

ஏப்ரல் 25

மீன் டேபிள். மத்தி என்றாலும் சாளை என்றாலும் ஒரே மீன். காணாங்கெளுத்தியும் அயலையும் அப்படித்தான். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு மீன் இனங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறது. குட்டையானது, அவர்களே பார்த்துப் பராமரிப்பது. இங்கே அதையே கீயாக்கினேன்; ஊர்ப் பெயர்கள் தனி டேபிளிலிருந்து அதைச் சுட்டும். நாளை படகுகளை ஏற்றத் தொடங்குகிறோம்.