'சோகமாக இருக்கிறாள்' என்று எழுதி மதிப்பெண் இழந்தேன்

கலை வரலாறு படித்தபோது முதல் பருவத் தேர்வில், முன்பின் பார்க்காத ஓவியத்தைப் பற்றி எழுதும் கேள்விக்கு 20-க்கு 8 வாங்கினேன். திரையில் ஒரு படம் வரும். பெயர், ஓவியர் எதுவும் சொல்லமாட்டார்கள். 45 நிமிடம்.

வந்தது, பிரஸ்ஸல்ஸ் நகர ஓவியராக இருந்த ரோஜியர் வான் டெர் வெய்டன் 1460 வாக்கில் வரைந்த ஒரு பெண்ணின் உருவப்படம். இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அவள் யாரென்று ஊகங்கள் உண்டு, உறுதி கிடையாது.

'இவள் ஆழ்ந்த சோகத்தில் இருக்கிறாள்' என்று தொடங்கியிருந்தேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தார்: 'எங்கே?'

கோபம் தணிந்த பிறகு படத்தை மறுபடி பார்த்தேன். தாழ்ந்த கண்களைத்தான் சோகம் என்று எடுத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்ணிடம் எதிர்பார்த்த அடக்கம் அது. முன்நெற்றியில் முடியில்லாததை நோய் என்று வேறு எழுதிவைத்திருந்தேன்! நெற்றி உயரமாகத் தெரிய முடியைப் பிடுங்கிக்கொள்வது அன்றைய நாகரிகம்.

சரி, அப்படியானால் உணர்ச்சியே இல்லையா? கையைப் பாருங்கள். படத்தின் அடி விளிம்பில், மெலிந்த விரல்கள் ஒன்றோடொன்று இறுகக் கோத்துக் கிடக்கின்றன. அதற்குச் சற்று மேலே சிவப்பு இடைக்கச்சை. இருண்ட பின்னணியில் உரக்கப் பேசும் நிறம் அது ஒன்றுதான். முடி இழுத்துக் கட்டியிருக்கிறது, மெல்லிய முக்காட்டை ஊசி பிடித்திருக்கிறது, இடுப்பைக் கச்சை இறுக்கியிருக்கிறது. இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவே உதடுகள் மட்டும் தடித்து, மென்மையாக இருக்கின்றன. எதையோ அடக்கிவைத்திருக்கிறாள் என்று இப்போது எழுதலாம்; 'எங்கே?' என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட இடம் இருக்கிறது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் பத்து நிமிடம் உணர்ச்சிச் சொல் எதையும் எழுதுவதில்லை. கண் எங்கே பார்க்கிறது, கை என்ன செய்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது, அவ்வளவுதான். அப்புறம், இதில் எது அன்றைய வழக்கம், எது இந்த ஓவியர் தானாகச் செய்தது என்று பிரிப்பேன். உண்மையில் மதிப்பெண் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. அவள் யாராக இருக்கும் என்று துப்பறிவதில் நேரத்தை விடாதீர்கள்.

அடுத்த பருவத்தில் ஓவியர் பெட்ரூஸ் கிறிஸ்டஸ் வரைந்த இளம்பெண் வந்தாள், பெர்லின் ஓவியக்கூடத்தில் இருப்பவள். நம்மையே பார்க்கும் அந்தச் சாய்ந்த கண்களில் தொடங்கினேன். இந்த முறை ஓரத்தில் 'எங்கே?' இல்லை. 'ஆண்டு தவறு' என்று இருந்தது.