தம்பியின் பெர்த் வேலைக் கடிதம்

என் தம்பிக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் டீசல் மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது. சுரங்க வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை. கம்பெனியே விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிறது. செய்தி பரவியதிலிருந்து கோலாலம்பூரில், செந்தூலில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாட்சப்பில் கேட்பது ஒன்றுதான்: "அங்க போனா பிஆர் கிடைச்சிடுமாக்கா?" பிஆர் என்றால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. ஆளாளுக்குத் தனியாகப் பதில் போடுவதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஈபிஎஃப் என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, ஓவர்டைம் கணக்கு இவற்றோடுதான் என் பொழுது போகிறது. அதனால் தம்பி கடிதத்தை நீட்டியதும் விசா பற்றிய பக்கத்தை விட்டுவிட்டுச் சம்பளப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். சிக்கல் அங்கேதான் இருந்தது.

ஆண்டுக்கு 82,000 டாலர், சூப்பர் உட்பட என்று போட்டிருந்தார்கள். சூப்பர் என்பது நம் ஈபிஎஃப் மாதிரி ஓய்வுக்காலப் பணம். ஆனால் இங்கே போல நம் சம்பளத்திலும் ஒரு பங்கைப் பிடிக்க மாட்டார்கள். சம்பளத்துக்கு மேலே முதலாளிதான் 12 விழுக்காடு கட்ட வேண்டும். 82,000-ஐ 1.12-ஆல் வகுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 73,200 டாலர் சொச்சம்தான் வரும். தம்பி போகப்போவது முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482 என்ற வேலை விசாவின் 'கோர் ஸ்கில்ஸ்' பிரிவில். அதற்கு 2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 76,515 டாலர், அதில் சூப்பரைச் சேர்க்கக் கூடாது. இந்தத் தொகையை ஜூலைதோறும் ஏற்றுவார்கள். அது போக, அதே வேலைக்கு அங்குள்ளவருக்கு என்ன சம்பளமோ அதற்குக் குறையாமல் இவருக்கும் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து விண்ணப்பம் போட்டிருந்தால் தேறியிருக்காது.

"கேட்டா வேலையே போயிடுமோக்கா?" என்று தம்பி தயங்கினான். நான்தான் கேட்கச் சொன்னேன். 82,000 அடிப்படைச் சம்பளம், சூப்பர் தனி என்று திருத்திய கடிதம் வந்தது. பெரிய எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது பணம். இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. தம்பி முதலில் போய்ப் பார்த்த ஒரு ஏஜெண்டு, "லெவி காசு நீதான் கட்டணும், 18,000 ரிங்கிட் எடுத்துட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை ஸ்பான்சர் செய்யும் கம்பெனி அரசுக்குக் கட்டும் தொகை, இருப்பது உண்மை. ஆண்டு வியாபாரம் ஒரு கோடி டாலருக்குக் குறைந்த கம்பெனி என்றால் விசாவின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,200 டாலர், அதற்கு மேல் என்றால் 1,800. நான்கு ஆண்டு விசாவுக்கு மொத்தத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆனால் கட்ட வேண்டியது முதலாளி. தொழிலாளி தலையில் அதைக் கட்டுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஸ்பான்சர் கடிதத்துக்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பரிலிருந்து அங்கே சட்டவிரோதம். கொடுத்தவரின் விசாவே ரத்தாகலாம். விசா விண்ணப்பக் கட்டணத்தை நாம் கட்டலாம், அது வேறு. உழைத்துச் சேர்த்த பணத்தையும் கொடுத்துவிட்டு விசாவையும் இழக்கிற நிலைக்கு ஒரு மெக்கானிக்கைத் தள்ளுவது கொடுமை. குடிநுழைவு ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவரிடம் அவருடைய ஆஸ்திரேலியப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பட்டென்று எண்ணைச் சொல்லாதவரிடம் அப்புறம் பேச ஒன்றுமில்லை.

சரி, பிஆர் விஷயத்துக்கு வருகிறேன். 482 தற்காலிக விசாதான், அதிகபட்சம் நான்கு ஆண்டு. தானாகப் பிஆர் ஆகிவிடாது. ஸ்பான்சரிடம் இரண்டு ஆண்டு வேலை செய்த பிறகு, முதலாளி 186 என்ற நிரந்தர விசாவுக்கு நம்மை மறுபடி நாமினேட் செய்ய வேண்டும். "செய்ய வேண்டும்" என்றால் கட்டாயம் கிடையாது, அவருக்கு மனமிருந்தால் செய்யலாம். வேலை தரும்போதே இதைப் பேசி மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அந்த எழுத்து அவரைச் சட்டப்படி கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி. எழுதித் தரவே முடியாது என்கிறவருடைய எண்ணமாவது அப்போதே தெரிந்துவிடும்.

முன்பு இந்த வழி இதைவிடக் குறுகலாக இருந்தது. 2023 நவம்பர் வரை மூன்று ஆண்டு, அதுவும் சில தொழில்களுக்கு வழியே இல்லை. 2024 டிசம்பர் 7-க்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற வேறொரு ஸ்பான்சரிடம் மாறினாலும் பழைய மாதங்கள் கணக்கில் சேரும். வேலை போய்விட்டால் புது ஸ்பான்சர் தேட முன்பு 60 நாள் கொடுத்தார்கள். 2024 ஜூலையிலிருந்து ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுவதற்கும் 365 நாள். தம்பியை அனுப்ப நான் சம்மதித்ததே இந்த மாற்றத்தால்தான். முதலாளி சரியில்லை என்றால் வெளியே வர ஒரு வாசல் இருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு பதைப்பு என்று கேட்டால், எங்கள் வீட்டுக் கதை அப்படி. சுதந்திரத்துக்கு அப்புறம் 1968-ல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் இங்கே வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் நாடு திரும்பினார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் பினாங்கில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கியது. பாட்டி அவர்களை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பாட்டியோ கடைசி வரை சிவப்பு ஐசியோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டையோடு இருந்தார். பிள்ளைகள் எல்லாரும் ஓட்டுப் போடப் போகும் நாளில் அவர் வீட்டில் தனியாக இருப்பார். ஒரு தாளைச் சரியான நேரத்தில் எடுத்தவர், எடுக்காதவர் என்று எங்கள் குடும்பம் பிரிந்தது. அதனால்தான் வரி வரியாகப் படிக்கிறேன்.

வயதைக் கவனியுங்கள். 186 விண்ணப்பம் போடும் நாளில் 45 ஆகியிருக்கக் கூடாது. விலக்கு மிகச் சிலருக்குத்தான். தம்பிக்கு 36, கவலையில்லை. ஆனால் என் மாமா மகனுக்கு 43 முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டு வேலை செய்து முடிக்கும்போது 45-ஐத் தாண்டிவிடும். மூன்று ஆண்டு அனுபவமும் தொழில் திறன் மதிப்பீடும் காட்டி நேரடியாகவே 186-க்குப் போகும் பிரிவு ஒன்று உண்டு. அவர் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு 482-க்கு ஐயெல்ட்ஸ் 5 போதும், 186-க்கு ஒவ்வொரு பகுதியிலும் 6 வேண்டும். தம்பி பேச்சில் கெட்டி, எழுத்தில்தான் தடுமாற்றம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைத்து எழுத வைக்கிறேன்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: மனைவிக்கு அங்கே தடையில்லாமல் வேலை செய்யும் உரிமை உண்டு. மெடிகேர் என்ற அரசு மருத்துவ வசதி கிடையாது, பிஆருக்கு விண்ணப்பம் போடும்வரையாவது சொந்தக் காசில் காப்புறுதி எடுக்க வேண்டும். சில மாநிலங்களில் தற்காலிக விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் வாங்குகிறார்கள். சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும்போது இதையெல்லாம் கழித்துப் பாருங்கள்.

அம்மா கேட்டது வேறு. "நம்ம பாஸ்போர்ட்ட குடுத்துடுவியாடா?" பிஆர் வாங்கினால் மலேசியப் பாஸ்போர்ட் அப்படியே இருக்கும். அங்கே குடியுரிமை எடுத்தால்தான் பிரச்சினை, மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தம்பி அந்த முடிவை இப்போது எடுக்க வேண்டியதில்லை என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான் என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

என் அலுவலகத்தில் திருச்சியிலிருந்து எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலைப் பெர்மிட்டில் வந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். இத்தனை ஆண்டு வேலை செய்தால் பிஆருக்கு முதலாளி நாமினேட் செய்யலாம் என்று இங்கே அவருக்கு அப்படி ஒரு வழி இல்லை. சம்பளம் நன்றாக உயர்ந்தால், ஒரே முதலாளியோடு கட்டிப்போடாத பத்தாண்டு ரெசிடென்ஸ் பாஸுக்கு முயலலாம். அவர் வேலையின் தரம் எனக்குத் தெரியும்; இங்கேயே இருக்க அவருக்கும் ஒரு நேர் வழி இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தம்பி அடுத்த மாதம் கிளம்புகிறான். முதல் சம்பளத்திலிருந்து ஒவ்வொரு சம்பளச் சீட்டையும், சூப்பர் கட்டிய விவரத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இரண்டு ஆண்டு வேலை செய்ததற்கு அவன் காட்டப்போகும் அத்தாட்சி அதுதான். கணினியில் அவன் பெயருக்கு ஒரு கோப்பு திறந்தாகிவிட்டது.