தங்கச்சியோடு வக்கீலைப் பார்க்கப் போனோம்

தங்கச்சி விவாகரத்து பற்றி வாயைத் திறந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். "நீயா வெளியே வந்தா நகை கிடைக்காதுடி" என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். அவளும் நம்பிவிட்டாள்.

மதுரையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப் போனேன். 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம். இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? இலவச சட்ட உதவி எண் 15100க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

வக்கீலம்மா சண்டையைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. "நகை பில், கல்யாண ஆல்பம் யார்கிட்ட இருக்கும்மா? எதிலயாவது கையெழுத்துப் போட்டியா?" என்றுதான் கேட்டார். ஆல்பத்தில் கழுத்திலும் கையிலும் கிடப்பது தெரிகிற படங்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகையும் சீதனம்தான், அது பெண்ணுக்கே சொந்தம். வீட்டை விட்டு வந்தாலும் அந்த உரிமை போகாது. இதைக் கேட்டதும்தான் தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். இந்து திருமணச் சட்டம் 24ஆவது பிரிவு. பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருப்பு. தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுக்கட்டும், நிதானமாக.