மாஹிமில் ஒன்பது புதன்கிழமைகள்

தம்பி பதினோரு இரவுகளாகத் தூங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில், தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துக்குள் இருக்கும் எங்கள் ஒற்றை அறை வீட்டில், அம்மா சுவரிலிருந்த சதா சகாய மாதா படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை குணமானால் ஒன்பது புதன்கிழமை மாஹிம் கோயிலுக்கு நடந்தே அழைத்து வருவதாகப் பொருத்தனை செய்துகொண்டார். குணமானால் என்றுதான் நேர்ந்தார். ஆனால் குணமாகும்வரை காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லாததால், அந்த வாரமே நடக்கத் தொடங்கிவிட்டோம். கடனை முன்பணமாகக் கட்டிவிட்டால் மாதாவுக்கு மறுக்க மனம் வராது என்பது அம்மாவின் கணக்கு.

பொருத்தனைக்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். உவரியிலும் புளியம்பட்டியிலும் அந்தோணியார் கோயில் வாசலில் தலைவிரித்து ஆடியவர்களைச் சிறுவயதில் பார்த்து, அந்தப் பயத்தை ரயிலேற்றி மும்பைக்கும் கொண்டுவந்தவர்கள். தம்பி இரவில் யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லத் தொடங்கியதும், காற்றுக் கறுப்பு என்று ஒருவரும் செய்வினை என்று மற்றொருவரும் சொல்ல, விடுதலை ஊழியம் செய்கிறவர் என்று தெரிந்தவர்கள் கைகாட்டிய ஒருவரிடம் அவனை அழைத்துப் போனோம். மூன்று வெள்ளிக்கிழமைகள் அந்த மனிதர் அவன் தலைமயிரைப் பிடித்து உலுக்கினார். ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன அறைக்குள், "வெளியே போ, நான் கட்டளையிடுகிறேன்" என்று கத்தினார். ஒவ்வொரு முறையும் போவதாக ஒப்புக்கொண்ட பேய், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் திரும்பி வந்துவிட்டதாம். அதற்கு எங்கள் காணிக்கை போதாததே காரணமாம். அம்மாவின் கம்மல் அப்படித்தான் போயிற்று. தம்பியின் காதுக்குப் பின்னால் நகம் பட்ட காயம் ஆறுவதற்குப் பத்து நாளாயிற்று.

எங்கள் பங்குச் சாமியார் இதைக் கேட்டுக் கோபப்படுவார் என்று பயந்துகொண்டே போனோம். அவர் கோபப்படவில்லை. பேயோட்டும் சடங்கைச் செய்ய எல்லாக் குருக்களுக்கும் அதிகாரம் இல்லை, ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 1172 சொல்வதை எடுத்துச் சொன்னார். 1999-இல் திருத்தி வெளியிட்ட சடங்கு நூலும், நோயைப் பேய் என்று எண்ணி ஏமாந்துவிடாதபடி மருத்துவம் அறிந்தவர்களைக் கலந்துகொள்ளச் சொல்கிறது என்றார். பிறகு தாளில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இயங்கும் நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, தம்பியின் தலைமேல் கைவைத்து ஒரு நிமிடம் மௌனமாகச் செபித்தார். ஒரு சத்தமும் இல்லை. அம்மாவுக்கு அதில் ஏமாற்றம்தான். வெளியே வந்ததும், "இவ்வளவுதானா?" என்று என்னிடம் கேட்டார்.

இப்படித்தான், ஒரு கையில் மாத்திரைச் சீட்டும் மறு கையில் செபமாலையுமாக, ஜூலை மழையில் எங்கள் புதன்கிழமைகள் தொடங்கின. தாராவியிலிருந்து மாஹிம் ஸ்டேஷன் பாலம் ஏறி மேற்கே இறங்கினால் கோயில் அதிக தூரமில்லை. ஆனால் கூட்டத்தைக் கண்டால் நின்றுவிடுகிற பிள்ளையை அந்தப் பாலத்தின் மேல் அழைத்துப் போவது தனி வேதனை. அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களின் முழங்கை நெஞ்சில் இடிக்க, அவன் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்பான். பின்னாலிருந்து நாலு மொழியில் வசவு வரும்.

கோயில் வாசலோ இன்னொரு பாலம். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போக மெழுகு வீடு, பிள்ளை வரத்துக்கு மெழுகுப் பிள்ளை, கால் வலிக்கு மெழுகுக் கால் என்று விற்கிறவர்கள், புதன்கிழமையென்றால் ஆளை நகரவிடுவதில்லை. முதல் வாரம் ஒரு பையன் தம்பியின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். எதுவும் கேட்காமலேயே மெழுகால் செய்த ஒரு தலையை எடுத்து நீட்டினான். விலை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு. எனக்கு வந்த கோபத்தில் அதைத் தட்டிவிட்டேன். அம்மா பேரம் பேசி வாங்கிக்கொண்டார். கூடுதலாகக் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் உள்ளே விட்டுவிடுவதாகச் சொன்ன இன்னொருவனிடம் மட்டும், "மூன்று வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம்" என்று அம்மா தமிழிலேயே பதில் சொன்னார். அவனுக்கு என்ன புரிந்ததோ, ஒதுங்கிப் போய்விட்டான்.

நவநாள் என்னும் மாதா செபவழிபாட்டுக்காகவே எல்லாரும் போகும் அந்தக் கோயிலின் பாதுகாவலர் உண்மையில் மிக்கேல் சம்மனசு, அதாவது வானதூதர் மிக்கேல், என்பது எனக்குத் தெரிந்திருந்தும் மனதில் பதிந்ததில்லை. போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1534-இல் தொடங்கிய கோயில் அது. இப்போது நாம் பார்க்கிற கட்டடம் 1973-இல் எழுந்தது. மராட்டியர் படையெடுப்பில் பாந்த்ரா மலை மாதா கோயில் அழிந்தபோது, அந்த மாதாவும் 1739 முதல் 1761 வரை இங்கேதான் அடைக்கலமாக இருந்தாள் என்கிறார்கள். புதன்கிழமை நவநாள் 1948 செப்டம்பர் 8, மாதா பிறந்த நாளன்று தொடங்கியது. அன்றும் புதன்கிழமையே. இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் மெழுகுதிரியோடு வந்து நிற்கிற அந்த வரிசையில், யாருக்கு என்ன நோய், யார் என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. விடுதலை ஊழியக்காரரின் அறையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்தது.

ஆறாவது புதன்கிழமை பெருமழை. ரயில் நின்றுவிட்டது, சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். திறந்து கிடக்கும் சாக்கடைக் குழிக்குப் பயந்து, முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தோம். போக வேண்டாம், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நான் சொன்னதற்கு, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், நான்தான் கோபித்துக்கொள்வேன் என்றார் அம்மா. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பியின் இடதுகால் செருப்பைக் காணவில்லை. வார் அறுந்து, தண்ணீரோடு எங்கோ போய்விட்டிருந்தது. மழையினால் கூட்டம் பாதிக்கும் குறைவு. அத்தனை வாரங்களில் முதல் முறையாக, பின்னாலிருந்து யாரும் தள்ளாமல், மாதா படத்துக்கு முன்னால் எங்களால் நிற்க முடிந்தது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. தம்பி தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, பல வாரங்களாக உணவுக்கும் தண்ணீருக்கும் தவிர வாய் திறக்காத பிள்ளை, தன் பழைய குரலில், மிகத் தெளிவாக, "அக்கா, அந்தப் பிள்ளைக்கும் செருப்பு கழன்றிருக்கிறது" என்றான்.

எங்கள் வீட்டுச் சுவரில் நான் பிறப்பதற்கு முன்பிருந்து தொங்குகிற படம் அது. அந்தச் செருப்பை நான் பார்த்ததே இல்லை. குழந்தை இயேசுவின் ஒரு காலிலிருந்து கழன்று, வாரில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தை மாதாவைப் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் தாயின் கையைப் பற்றிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி எதையோ பார்க்கிறது. ஓடிவந்த வேகத்தில் செருப்பு கழன்றிருக்கிறது. எதைக் கண்டு ஓடிவந்தது என்று பார்த்தால், மேலே இரண்டு பக்கமும் இரண்டு சம்மனசுகள். வலப்பக்கத்தில் கபிரியேல், சிலுவையும் ஆணிகளும் வைத்திருக்கிறார். இடப்பக்கத்தில் நிற்பவர், நாங்கள் யாருடைய கோயிலுக்கு ஆறு வாரமாக நடந்து வந்தோமோ அந்த மிக்கேல். அவர் கையில் வாள் இல்லை. காலடியில் பசாசு இல்லை. துணி போர்த்திய கைகளில் ஈட்டியையும், காடி தோய்த்த கடற்பஞ்சு செருகிய கோலையும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். ஆண்டவரின் விலாவைக் குத்திய ஈட்டி, ஆண்டவரின் வாயில் வைத்த காடி.

என்னால் அங்கே அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வாள் பிடித்த மிக்கேலைத்தானே தேடி வந்தேன். யாராவது ஒருவர் அந்த ஊழியக்காரரைவிட உரக்கக் கத்தி, என் தம்பியை விட்டுப் போ என்று தீமைக்குக் கட்டளையிடுவார் என்றுதானே வந்தேன். தீமையின் மேல் நம் ஆண்டவருக்கு உள்ள அதிகாரம் எந்த வழியாக வந்தது என்பதை அந்தச் சம்மனசு தன் கைகளில் காட்டிக்கொண்டிருக்கிறார். பயந்து தாயிடம் ஓடிய பிள்ளையே பிறகு அந்த ஈட்டிக்கு முன் ஓடாமல் நின்றது. பயந்த பிள்ளையைப் பயப்படாதே என்று உலுக்குகிறவர் யாரும் அந்தப் படத்தில் இல்லை. ஒரு கையை மட்டும் கொடுத்துக்கொண்டு ஒரு தாய் இருக்கிறாள்.

அன்று இரவு வீட்டில் வேதாகமத்தில் யூதா திருமுகத்தைத் தேடி எடுத்து வாசித்தேன், ஒரே அதிகாரம்தான். மோசேயின் உடலைக் குறித்துப் பசாசோடு வாதாடியபோது, அதிதூதர் மிக்கேல்கூடத் தன் பெயரால் அதைப் பழித்துரைக்கத் துணியாமல், ஆண்டவர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று மட்டுமே சொன்னதாக ஒன்பதாம் வசனம் சொல்கிறது. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் (லியோ) 1886-இல் பூசைக்குப் பிறகு சொல்லும்படி கொடுத்த மிக்கேல் செபத்திலும் அதே தாழ்மைதான்: பசாசைக் கடவுள் அடக்குவாராக என்று நாம் மன்றாடுகிறோம், நாம் அதட்டுவதில்லை. திருத்தூதர் பணி 19-ஆம் அதிகாரத்தில் வரும் ஸ்கேவாவின் ஏழு பிள்ளைகள் இயேசுவின் பெயரை ஒரு கருவியாகக் கையிலெடுத்துப் பேயோட்டப் போய், இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று அந்தத் தீய ஆவியாலேயே கேட்கப்பட்டு, ஆடையிழந்து காயங்களோடு ஓடியதையும் வாசித்தேன். காயம் பட்டது ஓட்டப் போனவர்களுக்கு. எங்கள் விஷயத்தில் காயம் பட்டது தம்பிக்கு. அந்த வித்தியாசத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அதற்கும் ஒருநாள் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய, பாவத்தை அறிக்கையிட, வேண்டியிருக்கும்.

தம்பிக்கு வந்தது பேயா நோயா என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். மருத்துவர் நோய் என்றார், மாத்திரை கொடுத்தார், மாத்திரை வேலை செய்கிறது. இன்னும் பல மாதங்கள் தொடர வேண்டும். ஆனாலும் அந்தப் பதினோரு இரவுகளில் எங்கள் வீட்டுக்குள் தீமை இருக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பயம் இருந்தது, பக்கத்து வீட்டாள்மேல் சந்தேகம் இருந்தது, செய்வினை வைத்தது யார் என்று அம்மாவும் சித்தியும் இரண்டு மாதம் பேசாமல் இருந்தார்கள். அதெல்லாம் எந்த மாத்திரையால் போயிற்று? ஏழாவது புதன்கிழமை சித்தி தானாகவே குடையோடு வந்து வாசலில் நின்றாரே, அவரை அனுப்பியது யார்? தாயே, சதா சகாய மாதாவே, உனக்கு எப்படி நன்றி சொல்வேன். தூக்கத்துக்கு நன்றி, அவன் குறட்டைக்கு நன்றி, அந்த மழைக்கு நன்றி, தண்ணீரோடு போன அந்த ஒற்றைச் செருப்புக்குக் கோடி நன்றி. எட்டாவது வாரம் ஆங்கில நவநாளில் எல்லாரும் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னபோது, கடைசி வரியைத் தம்பி தமிழில், "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று சற்று உரக்கவே சொன்னான். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஒன்பதாவது புதன்கிழமை மழை இல்லை. கூட்டம் வழக்கம்போல் மூச்சுமுட்டியது. மெழுகுத் தலை விற்கும் பையன் எங்களை மறந்துபோய் மறுபடியும் அதையே நீட்டினான். நவநாளில் வாசிக்கப்படும் நன்றிக் கடிதங்களைப் போல நாமும் ஒன்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பேய் போய்விட்டது என்று எழுது என்றார் என்னிடம். நான் தயங்கினேன். அதற்குள் தம்பி என் கையிலிருந்த பேனாவை வாங்கி, முழங்கால்மேல் தாளை வைத்துத் தானே எழுதத் தொடங்கினான். மாத்திரையினால் கை இன்னும் சற்று நடுங்குகிறது. எழுத்துகள் கோட்டைவிட்டு இறங்கின. "இப்போது தூக்கம் வருகிறது, நன்றி" என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே, பள்ளிச் சான்றிதழில்கூட இல்லாத, ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் இருக்கிற தன் முழுப் பெயரை எழுதி, நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டான். என்ன எழுதினான் என்று அம்மா பாலம் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். அவன் கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தான்.