கொடுத்த கடனும் பின்புத்தியும்

வங்கிக் கிளை மேலாளருக்குக் கடன் கொடுப்பதைவிட, கொடுத்த பிறகு வரும் யோசனைதான் பாரம். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். அப்புறம் கோப்பைப் பிரித்து, ஒப்புதல் தந்தவரிடம் விளக்கம் கேட்பார்கள். அதற்கு முன்பே நம் மனசு கேட்க ஆரம்பித்துவிடும்.

2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில், ஒரு பொறியியல் கல்லூரி எதிரே மெஸ் நடத்திய அண்ணன் தம்பிக்குக் கடையைப் பெரிதாக்கக் கடன் கொடுத்தேன். மார்ச்சில் கல்லூரி மூடியது. 25ஆம் தேதி முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. அதன் பிறகும் மாணவர்கள் வரவில்லை. மறு வருடம் கணக்கு நின்றுபோனது.

‘வூஹான் செய்தியை அப்போதே பேப்பரில் படித்தாயே, யோசித்திருக்க வேண்டாமா? ஒரே கல்லூரியை நம்பிய வியாபாரம் என்று தெரியாதா?’ ராத்திரியெல்லாம் இதே கேள்விதான். இந்தியாவின் முதல் தொற்று கேரளத்தில் உறுதியானதே ஜனவரி 30ஆம் தேதி. அது தெரிந்தும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

விளக்கம் எழுதக் கோப்பை எடுத்தபோது என் பரிந்துரைக் குறிப்பைப் படித்தேன். கணக்கில் வந்த வரவு, வாடகை ஒப்பந்தம், மதியம் நேரில் போய்ப் பார்த்த கூட்டம் எல்லாம் இருந்தன. ‘ஒரே கல்லூரியைச் சார்ந்த தொழில், விடுமுறையில் வரவு குறையும்’ என்றும் எழுதி, கோடையில் தவணையைக் குறைத்திருந்தேன். யோசிக்கவே இல்லை என்று என்னை நானே குற்றம் சொன்ன விஷயம், என் கையெழுத்திலேயே இருந்தது!

பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பலருக்குப் படிக்கக் கொடுத்து, அது இப்படித்தான் முடிந்தது என்று குழுவுக்கொரு முடிவைச் சொன்னார். யாருக்கு எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதுவே நடக்க வாய்ப்பு அதிகம் என்று அவர்களுக்குத் தோன்றியது. முடிவு தெரிந்த மனசால் தெரியாத நாளுக்குத் திரும்பிப் போக முடிவதில்லை. அன்றைய தேதியிட்ட குறிப்புதான் அங்கே கூட்டிப்போகும்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. கெட்டுப்போன கடனைத்தான் தோண்டுகிறோம். மறுத்த விண்ணப்பத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இதைப் பார்த்துப் பழகும் இளம் அதிகாரிகள், சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவதே பத்திரம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதனால் திறக்காமலே போன கடை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எங்கள் கிளையில் இப்போது ஒப்புதலுக்கு எழுதும் அளவுக்கு மறுப்புக்கும் காரணம் எழுதச் சொல்கிறேன்.